எழுத்து வட்டத்து ஆட்கள் எப்போது எழுதுகிறார்கள்? கடலூர், புதுச்சேரி நண்பர்கள் வரவும்

கெடிலக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வேறொரு இழையில் ஒருவர் கேட்டிருந்தார்: "மாசா மாசம் கூடுகிறீர்கள், படிக்கிறீர்கள், டீ குடிக்கிறீர்கள். அதற்கு மேல் அங்கே என்னதான் நடக்கிறது?" நக்கலாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானதுதான். அங்கே பதில் சொன்னால் அந்த இழை திசைமாறிவிடும். அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

நாங்கள் கூடுவது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில். பெயர்ப்பலகை கிடையாது, தலைவர் செயலாளர் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம், ஐப்பசி கார்த்திகையில் பாதிப் பேர். இதில் எழுத்தை நம்பிச் சாப்பிடுகிறவர் ஒருவர்கூட இல்லை. கடலூர் இலக்கியம் என்றாலே மேடையில் ஒருவர் எழுந்து புதுமைப்பித்தன் 1906-இல் இங்கே பிறந்தார், ஜெயகாந்தன் 1934-இல் இங்கே பிறந்தார் என்று ஆரம்பித்துவிடுவார். முதலாமவர் தாசில்தார் அப்பாவின் உத்தியோகத்தால் இங்கே பிறந்தவர். இரண்டாமவர் சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போனவர். அவர்கள் பிறந்ததில் ஊருக்கு என்ன பெருமை இருக்கிறதோ எனக்குத் தெரியவில்லை. என் அக்கறையெல்லாம் ஊரைவிட்டுப் போகாமல், வேலைக்கும் போய்க்கொண்டு எழுதுகிறவர்கள் மேல்.

ஒருவர் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். இராத்திரி டியூட்டியில் வார்டு அடங்கிய பிறகு போனில் எழுதித் தன் எண்ணுக்கே வாட்ஸப்பில் அனுப்பி வைத்துக்கொள்வார். ஆனால் அவர் கதைகளில் ஆஸ்பத்திரியே வராது. எல்லாம் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு. அவர் அப்பா பந்திச் சமையல்காரர். ஒரு கதையில் மாஸ்டர் சாம்பாரை ருசி பார்க்காமல், கொதிக்கிற ஆவியில் முகத்தைக் காட்டி "உப்பு ஒரு கை குறையுது" என்பார். மூக்கில் சளி பிடித்த அன்று அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கதை. அதை வாசித்தபோது யாரும் டீ கிளாஸைத் தொடவில்லை.

இன்னொருவர் தபால் துறையில் ஓய்வு பெற்றவர், வெண்பாக்காரர். ஒருவர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகில் போகிறவர். ஒருவர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி (கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைப்பது), ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பண்ருட்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி வருகிறார், பொறியியல் முடித்துவிட்டு அப்பாவின் முந்திரிக்காட்டைப் பார்த்துக்கொள்கிறார். எல்லோருமே இந்தத் தளத்தில் இருக்கிறார்கள், அவர்களே பேசட்டும். மற்ற ஊர்க்காரர்களும் உங்கள் வட்டத்தில் எப்படி என்று சொல்லுங்கள்.

குறைசொல்லி

நக்கலாகக் கேட்ட ஆள் நான்தான். இன்னும் கொஞ்சம் நேராகவே கேட்கிறேன். நான் பார்த்த வட்டங்களில் ஒருவர் படிப்பார், மற்றவர்கள் "அருமை தோழர்" என்பார்கள். ஆறு மாதத்தில் தொகுப்பு வரும். முன்னுரை இவர் அவருக்கு, அணிந்துரை அவர் இவருக்கு. விற்பது வெளியீட்டு விழாவில் மட்டும். வட்டம் ஆளை எழுத வைக்கிறதா, எழுத்தாளர் என்று நினைத்துக்கொள்ள வைக்கிறதா?

கெடிலக்கரை

எங்களிடம் இரண்டு வழக்கம் உண்டு. "அருமை" என்று சொன்னால் எந்த வரி என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் சொன்னது கணக்கில் வராது. இன்னொன்று, தன் கதையைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. "நான் சொல்ல வந்தது என்னன்னா" என்று ஆரம்பித்தால் வெண்பாக்கார ஐயா விரலை உயர்த்துவார். இரண்டாவது வழக்கம் பிடிக்காமல் போனவர்களும் உண்டு, மறைக்கவில்லை.

துறைமுகத்தான்

குறைசொல்லி அண்ணே, ஒரு சம்பவம் சொல்றேன். எங்க வட்டத்துல பேங்க்ல வேலை பார்க்கிற ஒருத்தர் கடல் கதை எழுதிட்டு வந்தார். மே மாசம், நடுக்கடல், விசைப்படகு, சூறாவளி, அப்பாவும் பிள்ளையும். நல்லாத்தான் எழுதியிருந்தார். ஆனா கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம்னு 61 நாள் தடை. 2017-க்கு முன்னாடி 45 நாளா இருந்தது. மே மாசத்துல அப்பாவும் பிள்ளையும் எந்தக் கடல்ல போய் சூறாவளியில மாட்டினாங்க?

இதைச் சொன்னதும் மனுஷன் முகம் சுருங்கிப் போச்சு. அடுத்த கூட்டத்துக்கு வேற கதையோட வந்தார். அதே அப்பா, அதே பிள்ளை, அதே மே மாசம். படகு கரையில கட்டிக் கிடக்குது. அப்பா வலை பிரிச்சு முடிச்சுப் போடுறார், கடைக்காரர் கடன் நோட்டோட வந்து நிக்கிறார், பிள்ளை கேரளாவுக்குப் போயிடலாமான்னு யோசிக்கிறான். சூறாவளியே கிடையாது. முன்ன எழுதினதுக்கு இது எவ்வளவோ மேல். மாசத்தை மாத்தியிருந்தா ஒரு சொல்லோட வேலை முடிஞ்சிருக்கும், அவர் அப்படிச் செய்யல.

என் சமாச்சாரம் கேட்டீங்கன்னா, தடைக்காலம்தான் எனக்கு எழுதுற காலம். மத்த மாசமெல்லாம் கரைக்கு வந்தா தூங்கத்தான் தோணும்.

லாசுப்பேட்டை

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். கடலூர் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு ஊர் வட்டங்களும் ஒன்றை ஒன்று எட்டிப் பார்ப்பதில்லை. அது தனிச் சோகம்.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பாரதி இருந்த 1908 முதல் 1918 வரையிலான பத்தாண்டைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறோம். அதே தெருக்களில் நடந்த இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. பாரதிதாசன் 1909-இல் பள்ளி ஆசிரியரானார், 1946-இல் ஓய்வு பெற்றார். நடுவில் ஊர் ஊராக மாற்றல். எழுதியதில் பெரும்பங்கு அந்த வாத்தியார் வேலைக்கு நடுவில்தான். "வேலையை விட்டால்தான் எழுத முடியும்" என்று யாராவது சொன்னால் பெருமாள் கோயில் வீதியில் அவர் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

எங்கள் வட்டத்தில் ஒரு அம்மா, எழுபது தாண்டியவர். அவர் குடும்பம் சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு இராணுவத்தில் இருந்தவர்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அந்த ஆறு மாதத்தில் ஒரே வீட்டுக்குள் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு ஆன கதையைத்தான் அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். நாவலா நினைவுக்குறிப்பா என்று கேட்டால், "முடியட்டும், அப்புறம் பேர் வைப்போம்" என்பார். இந்த வயதில் ஆரம்பிக்கலாமா என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) எங்கள் ஊருக்குக் குடிவந்ததே அறுபது தாண்டித்தான், 2021-இல் மறையும்வரை இங்கேதான் இருந்தார், தொண்ணூறு தாண்டியும் பேனாவை வைக்கவில்லை என்று நாங்கள் நினைவுபடுத்தினோம். அதற்கு அவர், "கி.ரா.வுக்கு வீட்டில் பேரப்பிள்ளையை ஸ்கூல் பஸ் ஏற்றிவிடச் சொல்லியிருப்பார்களா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

மஞ்சக்குப்பம் டிடிபி

அந்த அம்மாவின் கேள்வியை நான் அப்படியே பிடித்துக்கொள்கிறேன்.

கெடிலக்கரை அண்ணன் என்னை "டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். நர்ஸ் எழுதுகிறார், ஐயா எழுதுகிறார், நான் கடை வைத்திருக்கிறேன். சரி, அந்தக் கடையில் என்ன நடக்கிறது என்று சொல்லட்டுமா? வட்டத்தில் பாதிப் பேர் நோட்டில்தான் எழுதுகிறார்கள். நோட்டு என்னிடம் வரும். "அவசரமில்லம்மா, நேரம் இருக்கும்போது" என்பார்கள், மறுநாளே போன் வரும். நான் தட்டச்சு செய்து, ஒற்றுப்பிழை பார்த்து, பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவேன். காசு வாங்கியதில்லை, நானும் கேட்டதில்லை. கடையில் வருகிறவர்களுக்கு மனு அடிப்பது ஒரு பக்கம். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், காணாமல் போன சான்றிதழ். ஒரு நாளில் எத்தனை பேர் வாழ்க்கை என் விரல் வழியாகப் போகிறது தெரியுமா? "ஐயா, என் கணவர் இறந்து" என்று ஆரம்பிக்கும் மனுவை அடிக்கும்போதே அந்தப் பொம்பளை பக்கத்தில் நின்று மனுவில் எழுத முடியாததை எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். நான் எழுத நினைப்பது அதைத்தான். மனுவில் விட்டுப்போனவை. நாலு பக்கம் இருக்கிறது. அதற்கு மேல் நகரவில்லை, ஏனென்றால் கடை சாத்திய பிறகு அடுத்தவர் நாவல் காத்திருக்கிறது.

இன்னொன்று. கூட்டம் சனிக்கிழமை சாயந்திரம் ஆறரைக்கு. முடிய ஒன்பது. கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் நாங்கள் இரண்டு பெண்கள்தான். ஏன் பெண்கள் வருவதில்லை என்று வருஷத்துக்கு ஒருமுறை வருத்தப்பட்டுப் பேசுகிறீர்களே, கடிகாரத்தைப் பார்த்தாலே போதும்.

குறைசொல்லி

என் கேள்விக்கு உள்ளேயிருந்தே பதில் வந்துவிட்டது. நான் எதுவும் சேர்க்க விரும்பவில்லை.

நடுச்சாம வார்டு

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. போனில் அடிப்பதால் என் நோட்டு அக்காவிடம் போனதில்லை, அதனால் இவ்வளவு என்று எனக்கும் தெரியவில்லை.

நேரத்தைப் பற்றி: ஞாயிறு காலை பத்து மணி என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஆண்களுக்கு அது சும்மா இருக்கிற நேரம். வீட்டில் கறி எடுக்கிற நாளில் காலை பத்து மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்று மணி என்றால் வரலாம்.

என் கதையில் ஆஸ்பத்திரி ஏன் வரவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். அங்கே பார்ப்பதை எழுதினால் அடுத்த நாள் அதே கட்டில் பக்கத்தில் நிற்க முடியாது, அவ்வளவுதான். அப்பாவின் சமையல்கட்டுக்குப் போனால் எனக்கு மூச்சு வருகிறது. வார்டில் பார்த்த முகங்கள் அங்கே கரண்டியோடு நிற்கின்றன என்று எனக்கு மட்டும் தெரியும். வாசிப்பவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

முந்திரிக்காடு

வணக்கம், பண்ருட்டித் தம்பி நான்தான். 'தானே' என்று பெயர் வைத்த புயலைப் பற்றிச் சேகரிக்கிறேன். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். எங்கள் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. வெளியூர் ஆட்களுக்கு அது மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களாகத்தான் நினைவிருக்கும். ஆனால் தோப்பு வைத்திருப்பவர்களிடம் பேசினால் அவர்கள் மரத்தை ஆளாகத்தான் சொல்கிறார்கள். "கெணத்தோரத்துப் பலா, அது எம் மாமியார் வெச்சது, பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தல்காசு அதுதான் குடுத்துது" என்று ஒரு ஆயா. அவர் தோப்பில் விழுந்த மரங்களை வரிசையாக, திசை சொல்லி, ஒன்றுவிடாமல் சொன்னார். நான் அதை ரெக்கார்ட் செய்து எழுதியிருக்கிறேன். ஒரு மரத்துக்கு ஒரு அத்தியாயம்.

எனக்குச் சந்தேகம் என்னவென்றால், இதை நாவலாக்க வேண்டுமா? வட்டத்தில் சிலர் "ஒரு காதல் வேண்டும், ஒரு முரண் வேண்டும்" என்கிறார்கள்.

இன்னொரு விஷயம். போன வருஷம் என் கவிதைகளைப் புத்தகமாக்க ஒரு பதிப்பகத்தில் பணம் கட்டினேன். 300 பிரதி. விற்பனையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பார்சல் லாரியில் பெட்டி வந்து இறங்கியதோடு சரி. இப்போது பெட்டிகள் என் கட்டிலுக்கு அடியில், முந்திரி மூட்டைக்குப் பக்கத்தில்.

லாசுப்பேட்டை

தம்பி, காதலும் முரணும் வேண்டாம். அந்த ஆயா பேசியதை ஆயா பேசியபடியே விடுங்கள். பிரெஞ்சுக் கவர்னரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த எங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். துறைக்கு வந்த கப்பல், துரை சொன்னது, யார் வீட்டுக் கல்யாணம், வந்த காசு, ஊரில் பேசிக்கொண்டது. கதை எழுதுகிறோம் என்ற நினைப்பே இல்லை. இன்றைக்கு அந்தக் காலத்தைப் பற்றி எழுத வருகிற எவரும் அவர் வாசலில் நிற்காமல் போக முடியாது. மரங்களின் பட்டியலே போதும். திசையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதில்தான் அந்தத் தோப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

மஞ்சக்குப்பம் டிடிபி

தம்பிக்கும், புத்தகம் போட நினைக்கிற மற்றவர்களுக்கும். தொழில் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். இப்போது தேவைக்கேற்ப அச்சடிக்கும் முறை வந்துவிட்டது. முப்பது ஐம்பது பிரதிகூடப் போடலாம், தீர்ந்தால் மறுபடி போடலாம். பிரதி ஒன்றுக்குச் செலவு ஆஃப்செட்டைவிடக் கூடும், ஆனால் கட்டிலுக்கு அடியில் எதுவும் தங்காது. புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம், எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அதற்கென்று தனியாகக் காசு கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பணம் கட்டும் முன் எத்தனை பிரதி, யார் கையில், விற்றால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அச்சான புத்தகத்தில் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், ஒன்று கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பதிப்பாளர் அனுப்பியாக வேண்டும், 1954-ஆம் வருஷத்துச் சட்டம். உங்கள் பதிப்பகம் அனுப்பியதா என்று கேளுங்கள். பதில் சொல்லும் தொனியிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

ஓய்ந்த தபால்பெட்டி

அனைவருக்கும் வணக்கம். என்னை வெண்பாக்காரர் என்று அறிமுகம் செய்திருக்கிறார்கள். மகிழ்ச்சி. வாரம் ஒரு ஈற்றடி (பாட்டின் கடைசி அடி) கொடுத்து நண்பர்களை எழுத வைக்கிறேன். பண்ருட்டித் தம்பி தளை, அதாவது சீரும் சீரும் விதிப்படி சேர்கிறதா என்று பார்க்கக் கணினியில் ஒரு நிரல் எழுதிக்கொண்டு வந்தார். நான் விரல்விட்டு எண்ணி முடிப்பதற்குள் அது சிவப்புக் கோடு போட்டுவிடுகிறது. எனக்கு அதன் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. ஆனால் தளை தட்டாமல் உயிரில்லாமல் இருக்கும் வெண்பாவை அது பச்சை காட்டி அனுப்பிவிடும். அங்கேதான் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.

போன வாரத்து ஈற்றடி "கடலுக்கும் உண்டோ கணக்கு". நர்ஸ் அம்மா ஒரு குறள் வெண்பா அனுப்பினார்:

படகேறிக் கேட்டார் கடன்கொடுத்தார் பங்கு
கடலுக்கும் உண்டோ கணக்கு

காய் முன் நேர், மா முன் நிரை, எங்கும் பிசகவில்லை. கடைசிச் சீர், வெண்பா முடிய வேண்டிய வகைகளில் ஒன்றான பிறப்பு வாய்பாடு. இராத்திரி இரண்டு மணிக்கு வந்த செய்தி இது.

டிடிபி அம்மாவுக்கு: என் நோட்டுகள் ஏழு உங்களிடம் இருக்கின்றன. அவற்றை எப்படி இருக்கின்றனவோ அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன், என்னுடையதை நானே அடித்துக்கொள்ள மாட்டேனா? பேரன் போனில் தமிழ் விசைப்பலகை போட்டுக் கொடுத்திருக்கிறான். மெல்ல வரும், வரட்டும்.

துறைமுகத்தான்

ஐயா, வெண்பா பிரமாதம். எந்த வரின்னு கேப்பீங்க, ரெண்டாவது வரி. ஆனா முதல் வரியில ஒரு சந்தேகம். கடன் குடுத்தவர் படகுல ஏற மாட்டார். ஏலம் போடுற எடத்துலயே நின்னு பிடிச்சிக்குவார். அவர் எதுக்கு செருப்ப நனைச்சிக்கிட்டு மேல ஏறணும்?

ஓய்ந்த தபால்பெட்டி

எதுகைக்காக ஏறினார் தம்பி.

நடுச்சாம வார்டு

அண்ணா சொன்னது சரி, இறக்கிவிட வேண்டியதுதான். ஆனால் ட எதுகையில் ஏலத்துறை வர மாட்டேன் என்கிறது. இன்று நைட் டியூட்டி, பார்க்கிறேன்.

குறைசொல்லி

துறைமுகத்தான், நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே.

துறைமுகத்தான்

எங்க படகுல ஒரு கணக்கு நோட்டு உண்டு. டீசல் எத்தனை லிட்டர், ஐஸ் எத்தனை பெட்டி, எந்த மீன் எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு பங்கு. அப்பா கையெழுத்துல பழைய நோட்டும் இருக்கு, சுனாமிக்கு முன்ன எழுதினது. 2004 டிசம்பர்ல ஒரு பக்கம் பாதியில நிக்குது. அடுத்த பக்கம் ஆரம்பிக்கிறதே வேற பேனா, ஆளுங்க பேரும் ரெண்டு குறையுது. அந்த நோட்டு வரிசையிலயே ஒரு கதை போயிட்டு இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு பதிவு, வெறும் கணக்கும் ஓரத்துல ஒன்னு ரெண்டு வரியும். ரெண்டு தடைக்காலம் முடிஞ்சிருக்கு. இன்னும் ஒன்னு வேணும். என் நோட்டும் அக்காகிட்டதான் இருக்கு, நானும் திருப்பி வாங்கிக்கிறேன். குரல் தட்டச்சு போட்டுப் பாத்தேன், எஞ்சின் சத்தத்தையும் சேத்து எழுதுது. கரையில வெச்சுத்தான் செய்யணும்.

கெடிலக்கரை

சரி, பேசியதை வைத்து இப்படிச் செய்கிறோம். கூட்டம் இனி மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மதியம் மூன்று மணி, ஐந்தரைக்குள் முடிப்பு. நோட்டுகளை அவரவர் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தமாக அடிக்க முடியாதவர்கள் கடை ரேட்டில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துச் செய்யுங்கள், வட்டத்துக்கென்று சலுகை கேட்கக் கூடாது. அடுத்த கூட்டத்தில் முதல் வாசிப்பு டிடிபி அக்காவின் நாலு பக்கம்.

லாசுப்பேட்டை, அந்த அம்மாவை அழைத்து வர முடியுமா? பேரப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் பஸ் கிடையாதே.

லாசுப்பேட்டை

கேட்டேன். "ஞாயிறு டியூஷன் இருக்கு" என்றார். மகனிடம் பேசிப் பார்க்கிறேன்.

குறைசொல்லி

வெளியாள் வரலாமா? என்னிடம் ஒரு கதை இருக்கிறது. நாலு வருஷமாக யாரிடமும் காட்டவில்லை.

மஞ்சக்குப்பம் டிடிபி

வரலாம். ஆளுக்கு ஒன்று வீதம் பன்னிரண்டு பிரதி எடுத்து வரவும். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கடை சாத்திவிடுவேன், அதற்குள் வந்தால் எடுத்துத் தருகிறேன். ஜெராக்ஸ் கடன் கிடையாது.